குன்சும் கணவாய்க்கு இந்தப் பக்கம்

மணாலியிலிருந்து ஸ்பிதி வழியாக சிம்லாவுக்கு சைக்கிளில் 600 கிலோமீட்டருக்கு மேல். அதில் 80 கிலோமீட்டர், பெயரளவில் மட்டுமே சாலை. அங்கே நான்கு பேர் இரண்டு பேரான கதை இது.

காலை மணி ஆறரை. சத்ருவைத் தாண்டி நாலைந்து கிலோமீட்டர்தான் வந்திருப்போம். அதற்குள் சாலை நேராக ஓடைக்குள் இறங்கிவிட்டது. பாலம் கிடையாது. அக்கரையில் இருபது அடி தள்ளி, ஒன்றும் நடக்காதது போல சாலை மறுபடி ஏறிப் போகிறது.

தண்ணீரில் கால் வைத்ததும் சுரீரென்கிறது. பத்து வினாடி கழித்து, கால் என்று ஒன்று இருக்கிறதா என்றே சந்தேகம் வருகிறது. அடியில் தலையணை அளவுக் கற்கள். சைக்கிளின் பக்கப் பைகளைக் கழற்றி முதலில் அவற்றை அக்கரை சேர்க்க வேண்டும். பிறகு திரும்பி வந்து சைக்கிள். நீர் போகும் பக்கமாக சைக்கிளை வைத்துக்கொண்டு, வெள்ளம் வரும் பக்கம் பார்த்தபடி, ஒவ்வொரு காலாக ஊன்றி நகர வேண்டும். இடம் மாற்றி வைத்தால் நீர் சைக்கிளைத் தள்ளி நம் முழங்காலில் மோத வைக்கும். வெறுங்காலோடு இறங்கினால் பாதத்தைக் கல் பதம் பார்க்கும். இருபது அடியைக் கடக்க நாலு பேருக்கும் சேர்த்து முக்கால் மணி நேரம் ஆயிற்று.

மாலை நாலு மணிக்கு வந்திருந்தால் கடந்திருக்கவே முடியாது. இந்த ஓடைகள் எல்லாம் மேலே தொங்கும் பனியாறுகளிலிருந்து இறங்குபவை. இரவில் பனி உறைகிறது. விடியலில் ஓடை ஒல்லியாக இருக்கிறது. வெயில் ஏற ஏறப் பனி உருகி, பிற்பகலில் அதே ஓடை இடுப்பளவு வந்து, கற்களை உருட்டிக்கொண்டு கருப்பாக ஓடுகிறது. மணாலி-காஸா வழியில் வண்டி ஓட்டுபவர்கள் அப்படி ஓர் ஓடைக்கு பாகல் நாலா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பைத்தியக்கார ஓடை.

2022 ஆகஸ்டு கடைசி வாரம். நாங்கள் நான்கு பேர். டில்லியில் மொழிபெயர்ப்பையும் பத்திரிகைப் பணியையும் சேர்த்து வயிற்றைக் கழுவும் நான். பெங்களூருவில் வங்கி அதிகாரியாக இருக்கும் நண்பர். 52 வயது, எங்களில் மூத்தவர். புணேயில் கணக்கு ஆசிரியையாக இருக்கும் தோழி. அவரது சித்தப்பா மகன், கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் 27 வயது இளைஞர். மணாலியில் கிளம்பி ரோதங் கணவாய் ஏறி, சந்திரா நதியோரமாக பாதல் வரை போய், குன்சும் கணவாயைக் கடந்து ஸ்பிதி பள்ளத்தாக்கில் இறங்கி, காஸா, தாபோ, நாகோ, கின்னவுர் வழியாக சிம்லா சேர்வது திட்டம். பதினைந்து நாள் லீவு. அந்தப் பதினைந்து நாள்தான் பின்னால் எங்களைப் படுத்திய பாட்டுக்கெல்லாம் காரணம்.

அனுபவசாலிகள் எல்லோரும் இதே வழியைத் தலைகீழாகப் போகச் சொல்கிறார்கள். சிம்லாவில் தொடங்கினால் ஒரு வாரத்துக்கு மேல் மெல்ல மெல்ல உயரம் ஏறும். உடம்பு பழகிக்கொள்ளும். கடைசியில் குன்சும் ஏறும்போது ரத்தம் அதற்குத் தயாராக இருக்கும். மணாலியில் தொடங்கினாலோ 2,050 மீட்டரிலிருந்து நாலைந்து நாளில் 4,551 மீட்டர். ஆனால் திரும்பும் ரயில் டிக்கெட் சிம்லா பக்கம்தான் வசதியாக இருந்தது. லீவு முடிவதற்குள் கடினமான பகுதியை முதலில் முடித்துவிட்டால் பிறகு நிம்மதி என்று கணக்குப் போட்டோம். போட்டது நான்.

கடினமான பகுதி என்பது கிராம்புவில் ஆரம்பிக்கிறது. ரோதங்கை (3,978 மீட்டர்) ஏறி இறங்கினால், லேவுக்குப் போகும் பாதை இடப்பக்கம் பிரிந்து கீழே கோக்சருக்குப் போய்விடும். ஸ்பிதிக்கான பாதை வலப்பக்கம் திரும்புகிறது. அங்கிருந்து சத்ரு 17 கி.மீ., சத்ருவிலிருந்து பாதல் சுமார் 32, பாதலிலிருந்து குன்சும் உச்சி சுமார் 12, அங்கிருந்து லோசர் கிராமம் 19. வரைபடத்தில் இது தேசிய நெடுஞ்சாலை எண் 505. நாங்கள் போன அன்று நெடுஞ்சாலை என்பது மலைச்சரிவிலிருந்து உருண்டு வந்த பாறைகளை லாரிச் சக்கரங்கள் இரண்டு வரிசையாக அழுத்தி வைத்திருந்த தடம். நடுவில் கூழாங்கல் மேடு. பாதி இடங்களில் ஓடையே சாலையைத் தன் வழியாக எடுத்துக்கொண்டிருந்தது. அங்கே நூறு இருநூறு மீட்டர் தண்ணீருக்குள்ளேயே போக வேண்டும்.

தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு இங்கே ஒரு சிக்கல். ஆங்கிலத்தில் டிராக் என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். சாலை என்றால் பொய். ஒற்றையடிப் பாதை என்றால் லாரி வருகிறது. வண்டித்தடம் என்றால் ஊர்ப்புறத்துச் செம்மண் நினைவு வருகிறது. நம் பழைய புலவர்கள் கடத்தற்கரிய வழியைச் சுரம் என்றார்கள். அவர்களுடைய சுரத்தில் தண்ணீரே கிடையாது, இங்கே தண்ணீர்தான் எதிரி. ஆனாலும் அந்தச் சொல்லைத்தான் மனதில் வைத்துக்கொண்டேன்.

<b>ஓட்டுவதும் தள்ளுவதும்</b>

மலை சைக்கிள் என்ற பொருள் பிறந்ததே இம்மாதிரி வழிகளில் விழுந்து எழுவதற்காகத்தான். 1970களில் கலிபோர்னியாவின் மாரின் மாவட்டத்து இளைஞர்கள் சிலர் பழைய கனத்த சைக்கிள்களைத் தேடிப் பிடித்து, தமல்பாயிஸ் மலைப் பகுதியின் மண் பாதைகளில் கீழ்நோக்கி விரட்டினார்கள். 1976ல் அங்கே நடந்த ஒரு பந்தயத்துக்கு ரீபேக் என்று பெயர். ஒரு முறை இறங்கினால் பின்சக்கர பிரேக்கின் கிரீஸ் வெந்து புகைந்துவிடும், மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டும் என்பதால் வந்த பெயர். இமாசலத்தில் 2005 முதல் மலை சைக்கிள் பந்தயமே நடக்கிறது. ஆனால் பந்தயக்காரர் முதுகில் ஒரு தண்ணீர்ப் பையோடு பறப்பார். தொலைதூரப் பயணிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கூடாரம், தூங்கும் பை, அடுப்பு, மூன்று நாள் சாப்பாடு, உதிரி டயர் என்று சைக்கிளின் எடை போக பதினைந்து கிலோ. சைக்கிள் கல்லில் ஏறினால் அத்தனை சாமானும் சேர்ந்து ஏறி, சேர்ந்து விழுகிறது.

முதல் நாளே சில பாடங்கள் கிடைத்தன. தார்ச் சாலைக்கு அடிக்கும் காற்றோடு கல்லில் போனால் சக்கரம் பந்து போலத் துள்ளும். காற்றைக் குறைத்தால் டயர் கல்லைக் கவ்வும். ரொம்பக் குறைத்தால் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் ட்யூப் நசுங்கிப் பாம்பு கடித்த மாதிரி இரண்டு ஓட்டை விழும். சத்ரு போய்ச் சேருவதற்குள் இளைஞருக்கு இரண்டு முறை அப்படிக் கடி. கண்ணை எங்கே வைக்கிறோமோ அங்கேதான் சக்கரம் போகிறது என்பது இன்னொன்று. மோதக்கூடாத கல்லைப் பார்த்துக்கொண்டே போனால் அதன் மேலேயே போய் மோதுவோம். பத்தடிக்கு அப்பால் இருக்கும் இடைவெளியைப் பார்க்க வேண்டும். இறக்கத்தில் உடம்பைப் பின்னுக்குத் தள்ளி, முழங்கையைத் தளர்த்தி, இரண்டு விரலால் மட்டும் பிரேக்கைத் தொட வேண்டும். இறுக்கிப் பிடித்தால் மாலையில் டம்ளரைத் தூக்க மணிக்கட்டு ஒத்துழைக்காது.

சாமான் கட்டும் கேரியரின் திருகாணிகள் அதிர்ச்சியிலேயே கழன்று விழுகின்றன. ஒரு மணிக்கு ஒரு முறை நிறுத்தி ஒவ்வொன்றாகத் திருகிப் பார்த்தோம். ஓடை ஒவ்வொன்றும் செயினிலுள்ள எண்ணெயைக் கழுவிவிட்டு மணலைத் தடவி அனுப்புகிறது.

எல்லாவற்றையும்விடக் கற்க வேண்டியது, இறங்கி நடப்பது. சைக்கிளோட்டிகளுக்கு அதில் ஒரு கௌரவக் குறைச்சல் உண்டு. எனக்கும் இருந்தது. சத்ரு-பாதல் 32 கிலோமீட்டரில் பத்துக்கும் மேல் தள்ளிக்கொண்டுதான் போனேன். ஆசிரியை எங்களுக்கு முன்பே இறங்கி, சீராக நடந்து, ஓட்ட முடிந்த இடத்தில் ஏறி, எங்கள் எல்லோருக்கும் முன்னால் போய்க்கொண்டிருந்தார். ஓட்டியே தீருவேன் என்று முரண்டு பிடித்த இளைஞர் மூன்று முறை விழுந்தார்.

அன்றைய திட்டப்படி நாங்கள் சோட்டா தாராவில் தங்கியிருக்க வேண்டும். சத்ருவுக்கும் பாதலுக்கும் நட்டநடுவில் உள்ள இடம். பொதுப்பணித் துறையின் ஓய்வு விடுதி ஒன்றும், சுற்றிலும் கல்லும், கீழே சந்திரா நதியும்தான் அங்கே. போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்று. வெயில் நன்றாக அடித்தது. காலையில் அத்தனை ஓடைகளைக் கடந்த உற்சாகம் உடம்பில் மிச்சமிருந்தது. இன்னும் 16 கிலோமீட்டர்தானே, பாதலுக்கே போய்விட்டால் ஒரு நாள் மிச்சம் என்று சொன்னது நான்தான்.

“எனக்கு ஓகே. லேசாத் தலைவலி, அவ்வளவுதான்” என்றார் வங்கி நண்பர்.

“சார், இங்கேயே தங்கறதாத்தானே பேச்சு?” என்று ஆசிரியை கேட்டார். நான் வானத்தைக் காட்டினேன். நாளைக்கு மழை வந்தால் ஓடைகள் எப்படியிருக்கும் என்றேன். அது பொய்யான வாதமில்லை. ஆனால் உண்மையான காரணமும் அதுவல்ல. ஒரு நாளை மிச்சம் பிடித்தால் தாபோ மடத்தில் கூடுதலாக ஒரு நாள் உட்காரலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். கி.பி. 996ல் கட்டிய மடம். சுவரோவியங்கள். ஒரு நாள் போதாது என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

மூவாயிரம் மீட்டருக்கு மேல் போனால், ஒரு நாளைக்கும் மறு நாளைக்கும் இடையில் தூங்கும் உயரத்தை 300லிருந்து 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது என்பது மலை மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. பகலில் எவ்வளவு உயரம் தொட்டோம் என்பதைவிட இரவில் எங்கே படுக்கிறோம் என்பதே முக்கியம். சத்ரு சுமார் 3,350 மீட்டர். பாதல் 3,950க்கு மேல். ஒரே தாவலில் 600. இதெல்லாம் எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. டில்லியில் ஒரு பத்திரிகைக்காக இதே விஷயத்தை நான் தமிழில் மொழிபெயர்த்துக் கொடுத்திருக்கிறேன்.

<b>பாதலில் ஓர் இரவு</b>

பாதல் என்பது ஊரல்ல. ஆற்றின் மேல் ஒரு பாலம், கல் அடுக்கிய சுவரும் தார்ப்பாலின் கூரையுமாக இரண்டு மூன்று தாபாக்கள். ஜூன் முதல் அக்டோபர் வரை மனிதர்கள் இருப்பார்கள். பிறகு பனி. போன் கிடையாது. வானிலை திரும்பினால் இந்தத் தாபாக்களே அகதி முகாம். 2018 செப்டம்பரில் எதிர்பாராத பனியில் லாகுல் பகுதியில் நூற்றுக்கணக்கானவர்கள் மாட்டிக்கொண்டு, சோட்டா தாராவிலிருந்து விமானப் படை ஹெலிகாப்டரில் ஆட்களைத் தூக்கி வந்தார்கள். எங்கள் பயணத்துக்கு அடுத்த ஆண்டு, 2023 ஜூலையில், பக்கத்திலுள்ள சந்திரதால் ஏரி முகாமில் இருநூறுக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் பல நாட்கள் சிக்கி, சாலையில் பனியை வெட்டித்தான் மீட்கப்பட்டார்கள்.

மாலை ஐந்தரைக்குப் போய்ச் சேர்ந்தோம். பருப்பும் சோறும் சூடாக வந்தது. வங்கி நண்பர் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தள்ளினார். காலையிலேயே, சத்ருவில், தலைவலிக்கு மாத்திரை போட்டதாக அப்போதுதான் சொன்னார். நேற்று மாலையும் ஒன்று. ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, “வயசானவன்னு விட்டுட்டுப் போயிடுவீங்களோன்னு தோணிச்சு” என்று சிரித்தார். இரவில் இரண்டு முறை எழுந்து வாந்தி எடுத்தார். பக்கத்தில் படுத்திருந்த எனக்கு அவர் மூச்சு விடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. விட்டு விட்டு, நடுவில் நின்று நின்று வந்த மூச்சு. உயரத்தில் தூக்கத்தில் அப்படி வருவது சகஜம்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

விடியற்காலை ஐந்து மணிக்கு ஆசிரியை டார்ச்சோடு வந்தார். மண்ணில் காலால் ஒரு கோடு இழுத்தார். “சார், இதுமேல நடங்க. குதிகாலுக்கு முன்னால் விரல் வர்ற மாதிரி.” நண்பர் நாலு அடி வைத்தார். ஐந்தாவது அடியில் பக்கவாட்டில் சாய்ந்து இளைஞரின் தோளைப் பிடித்தார். மறுபடி முயன்றார். மறுபடி சாய்ந்தார்.

தலைவலி, வாந்தி என்றால் அதே இடத்தில் ஓய்வெடுத்துப் பார்க்கலாம். நேர்கோட்டில் நடக்க முடியவில்லை என்றால் பேச்சுக்கே இடமில்லை. மூளையில் நீர் கோக்கத் தொடங்கியிருக்கலாம். கீழே இறங்கியாக வேண்டும், உடனே. கையில் டயமாக்ஸ் மாத்திரை இருந்தது. ஆனால் எந்த மாத்திரையும் இறங்குவதற்கு ஈடில்லை. முன்னால் போவது என்றால் குன்சும் ஏறி இறங்க வேண்டும். அந்தப் பக்கத்து லோசர் கிராமமே பாதலைவிட உயரத்தில், நாலாயிரம் மீட்டருக்கு மேல் இருக்கிறது. ஆக, வந்த வழியேதான்.

அப்போதுதான் பட்டாணி லாரி வந்தது. ஸ்பிதியில் ஆகஸ்டு, செப்டம்பர் பச்சைப் பட்டாணிக் காலம். சமவெளியில் பட்டாணி கிடைக்காத பருவத்தில் அது விளைவதால் நல்ல விலை. வாடுவதற்குள் மண்டிக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதால் லோசர் பக்கத்து லாரிகள் நடு இரவில் கிளம்பி, ஓடைகள் பொங்குவதற்குள் கிராம்புவைத் தொட்டுவிடப் பார்க்கும். டிரைவர் டீக்காக நிறுத்தியிருந்தார். விஷயத்தைச் சொன்னோம். எங்கள் நண்பரை ஒரு முறை பார்த்தார். டீயைப் பாதியில் வைத்துவிட்டு கிளீனர் பையனைப் பின்னால் மூட்டைகளின் மேல் ஏறச் சொன்னார்.

முன்னால் இரண்டு பேருக்கு இடம். நோயாளி ஒருவர். இன்னொருவர் யார்?

இதை எழுதுவது எனக்கு எளிதாக இல்லை. அவர் என் நண்பர். பதினெட்டு வருடப் பழக்கம். சோட்டா தாராவைத் தாண்டி இழுத்து வந்தது நான். போக வேண்டியவன் நான்தான் என்பது எனக்குத் தெரிந்தது. ஆனால் வாயிலிருந்து சொல் வரவில்லை. திரும்பினால் இந்த வருடம் இல்லை, குன்சும் இல்லை, தாபோ இல்லை என்று மனம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. பத்து வினாடியோ பதினைந்து வினாடியோ இருக்கும். “நான் போறேண்ணா, நீங்களும் அக்காவும் போங்க. எனக்கு இன்னும் எத்தனையோ வருஷம் இருக்கு” என்று இளைஞர் சொல்லிவிட்டார். சொல்லிக்கொண்டே பையைக் கட்ட ஆரம்பித்துவிட்டார். இல்லை, நான் போகிறேன் என்று அப்போது சொன்னேன். அதற்குள் அது வெறும் மரியாதைப் பேச்சாகிவிட்டது.

இரண்டு சைக்கிள்களையும் மூட்டைகளின் மேல் படுக்க வைத்துக் கயிற்றால் கட்டினார்கள். பட்டாணிக்கு அடிபடாமல் பார்த்துக் கட்டச் சொன்னார் டிரைவர். சாலையைக் காட்டி, இதில் சைக்கிள் ஓட்டுவதற்கு உங்களுக்கு யார் சம்பளம் தருகிறார்கள் என்று என்னிடம் கேட்டார். யாரும் இல்லை, சொந்தக் காசு என்றேன். அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. கிளம்பும்போது மணி ஆறு.

அந்த லாரியின் பின்பக்கம் ஆடி ஆடிப் போவதை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். முந்தைய நாள் முழுக்க அந்தப் பாதை மோசமாக மோசமாக எங்களுக்கு உற்சாகம் கூடிக்கொண்டே போயிற்று. படம் எடுத்தோம். சவால் என்றோம். இப்போது ஒவ்வொரு கல்லும் அவர் தலைக்குள் இடிக்கும். நல்ல சாலையாக இருந்தால் கிராம்புவுக்கு ஒன்றரை மணி நேரம். லாரிக்கு நாலு மணி நேரம் ஆகும்.

இதில் ஒரே நல்ல விஷயம் சுரங்கம். 2020 அக்டோபர் 3ல் திறக்கப்பட்ட 9.02 கி.மீ. நீள அடல் சுரங்கம் ரோதங் மலையின் அடியில் போகிறது. கிராம்புவிலிருந்து கோக்சருக்கு இறங்கி, சுரங்கத்துக்குள் புகுந்து மறுபக்கம் வந்துவிடலாம். சுமார் 3,100 மீட்டருக்கு மேல் ஏறவே வேண்டாம். அதற்கு முன்பெல்லாம் லாகுலில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும், மணாலியில் மருத்துவம் பார்க்க 3,978 மீட்டர் ரோதங்கை ஏறித்தான் இறங்க வேண்டும். குளிர்காலத்தில் அதுவும் இல்லை. சுரங்கம் வந்து லாகுலின் அமைதியே போய்விட்டது என்று மணாலியில் எங்களோடு டீ குடித்த சைக்கிள்காரர்கள் சிலர் அங்கலாய்த்தார்கள். நானும் தலையாட்டியிருந்தேன்.

<b>இரண்டு பேர்</b>

பாதல் பாலத்தைத் தாண்டியதும் குன்சும் ஏற்றம். 12 கிலோமீட்டரில் அறுநூறு மீட்டர் உயரம். சரிவு கொடியதில்லை. காற்றுதான் இல்லை. உச்சியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் அறுபது சதவீதத்துக்கும் கீழே. மிகச் சிறிய கியரில், நடப்பவரின் வேகத்தில், இருநூறு மிதி மிதித்து நிற்பது, மூச்சு திரும்பியதும் மறுபடி இருநூறு. ஆசிரியை சத்தமாக எண்ணிக்கொண்டே வந்தார். நாங்கள் இருவரும் அதைத் தவிர ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. ஒவ்வொரு வளைவிலும் கோடு போட்டு நடந்து பார்த்தோம். தலைவலி வந்தால் திரும்புவது என்று முதலிலேயே பேசி வைத்திருந்தோம். வரவில்லை.

பதினொன்றரை மணிக்கு உச்சி. வரிசையாகச் சோர்ட்டன்கள், கிழிந்த பிரார்த்தனைக் கொடிகள், குன்சும் மாதா கோயில். வண்டிகள் எல்லாம் கோயிலை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் போகின்றன. ஜீப், லாரி, பஸ், எதற்கும் விலக்கில்லை. சைக்கிளில் நாங்களும் சுற்றினோம். உள்ளே ஒரு கல்லில் காசை ஒட்ட வைப்பார்கள். ஒட்டினால் நினைத்தது நடக்கும். நான் வைத்த இரண்டு ரூபாய் விழுந்துவிட்டது. ஆசிரியை தன் காசை வைக்கவே இல்லை. “ஒட்டலைன்னா மனசு கெட்டுப்போகும் சார்” என்றார்.

லோசர் வரையிலான 19 கிலோமீட்டர் இறக்கத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சந்திராவின் ஈரமான பாறைகள் போய், ஸ்பிதியின் காய்ந்த மண் நிற மலைகள் வந்தன. கீழே பட்டாணி வயல்கள் சதுரம் சதுரமாகப் பச்சை. லோசரில் போலீஸ் சோதனைச் சாவடி. நோட்டில் பெயர் எழுதி, மொத்தம் எத்தனை பேர் என்ற கட்டத்தில் பழக்கத்தில் 4 என்று எழுதிவிட்டேன். காவலர் எங்கள் பின்னால் பார்த்தார். அடித்துவிட்டு 2 என்று எழுதினேன்.

அன்று மாலை தங்கிய வீட்டுக்காரருக்குப் பட்டாணி வயல் இருந்தது. பாதலில் நடந்ததைச் சொன்னோம். அவருக்கு அதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. குன்சும் பாதை ஆண்டில் ஏழெட்டு மாதம் மூடிக் கிடக்கும். அப்போது வெளி உலகுக்கு ஒரே வழி காஸா, கின்னவுர் பக்கம். சிம்லா நானூறு கிலோமீட்டருக்கு மேல். கோடையில் இந்தப் பாதை திறந்தால் மணாலி பக்கம் என்பதே பெரிய விஷயம். பாறையை உடைத்து இரட்டை வழிச் சாலை போடப்போகிறார்கள் என்று ஆவலோடு சொன்னார். வருத்தமாக இருக்கிறதா என்று எங்களைப் பார்த்துக் கேட்கவும் செய்தார். வெளியூர் சைக்கிள்காரர்கள் பலர் சாலை போட்டால் இந்த இடத்தின் அழகே போய்விடும் என்று அவரிடம் சொல்லியிருக்கிறார்களாம். நேற்று வரை நாங்களும் அப்படித்தான் சொல்லியிருப்போம். அவர் கேட்ட மாதிரி, கேலியில்லாமல், உண்மையாகத் தெரிந்துகொள்ள விரும்பி ஒருவர் கேட்டால் பதில் சொல்வது சிரமம். ஆசிரியை மட்டும், “பாலம் போட்டாலே போதும்ங்க” என்று இந்தியில் சொன்னார்.

போன் உயிர் பெற்றது மறு நாள் மாலை, காஸாவில். இளைஞரிடமிருந்து ஏழெட்டுச் செய்திகள் மொத்தமாக வந்து விழுந்தன. சத்ரு தாண்டியதும் வாந்தி நின்றது. கோக்சரில் நண்பர் தானாகவே பசிக்கிறது என்றார். நேராக நடந்தும் காட்டினார். மணாலியில் மருத்துவமனையில் இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். இன்னும் சில மணி நேரம் உயரத்திலேயே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டர் இளைஞரிடம் சொன்னதை அவர் எனக்கு எழுதவில்லை. பின்னால் நேரில்தான் சொன்னார். சைக்கிளில் கியர் மாற்றும் கையைத் தாங்கும் அலுமினியத் துண்டு லாரிக் குலுக்கலில் உடைந்துவிட்டது என்பது கடைசிச் செய்தி. அந்த உதிரித் துண்டு என் பையில் இருந்தது.

தாபோவில் இரண்டு நாள் இருந்தோம். ஓவியங்களைப் பார்த்தேன்.

2024 செப்டம்பரில் நண்பர் மறுபடி கிளம்பினார். இம்முறை சிம்லா பக்கமிருந்து. லீவு இருபத்திரண்டு நாள். கூட வருகிறாயா என்று கேட்டார். போனேன். காஸாவில் இரண்டு நாள், லோசரில் இரண்டு நாள் தங்கி, குன்சும் உச்சியில் அவர் காசு ஒட்டியது. பாதலில் டீ மட்டும் குடித்தோம். சந்திராவோரம் சில இடங்களில் பாறையை வெடித்து அகலப்படுத்தியிருந்தார்கள். சில இடங்கள் அப்படியே இருந்தன. இரண்டு ஓடைகளில் பையைக் கழற்றித்தான் இறங்க வேண்டியிருந்தது.

சோட்டா தாராவுக்கு வந்தபோது மணி பன்னிரண்டரை. நல்ல வெயில். இது இறங்கும் திசை, சத்ரு 16 கிலோமீட்டர் கீழே, இங்கே நிற்க மருத்துவக் காரணம் எதுவும் இல்லை. நண்பர் ஓய்வு விடுதி வாசலில் சைக்கிளைச் சாய்த்து, ஹெல்மெட்டைக் கழற்றி ஹாண்டில்பாரில் மாட்டினார்.

“இன்னிக்கு இங்கதான்” என்றார்.

சரி என்றேன்.